விட்டதே பெரிசா?

குற்றாலத்தில் சீசன் நேரத்தில் யாரும் ரகசியம் பேச முடியாது. உடம்பெல்லாம் எண்ணெயோடு, இடுப்பில் ஒரு துண்டோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிற மனிதர்களுக்கு மறைப்பதற்கு என்ன இருக்கிறது? அரசியல், சம்பந்தி சண்டை, சர்க்கரை வியாதி எல்லாமே உரக்கத்தான். 2025 ஜூலை மூன்றாவது வாரம், பேரருவிக்குப் போகிற வழியில் அப்படி உரக்க நடந்த பேச்சு இன்னொரு அருவியைப் பற்றியது. தேனி மாவட்டத்துச் சுருளி அருவி.

எண்ணெய் தேய்க்கிற பெரியவர்தான் ஆரம்பித்தார். "பேப்பர்ல போட்டிருக்கான் பாத்தியளா அண்ணாச்சி? சுருளியில ஒரு சோடிய வெட்டிக் கொன்னாம்னு ஒருத்தனுக்குத் தூக்குன்னு சொன்னாம்லா, இப்ப சுப்ரீம் கோர்ட்டுல விட்டுட்டானாம்."

"இத்தன வருசம் உள்ள கெடந்தானே, அதுக்கு என்ன குடுப்பாங்க?" என்றார் அடுத்த பெஞ்சுக்காரர்.

"என்னத்த குடுக்க? தூக்குல போடாம விட்டதே பெரிசு வே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்காமல், "நெருப்பில்லாமலா பொகையும்?" என்றார். இன்னொருவர், "குடுத்தா நம்ம வரிப்பணத்துலதான் குடுப்பான்" என்றார். அதற்குள் என் முறை வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று வாக்கியங்களும் எண்ணெயைப் போல ஒட்டிக்கொண்டன. விட்டதே பெரிசு. நெருப்பில்லாமல் புகையாது. நம் பணம். யோசித்துப் பாருங்கள், இந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இந்த மூன்று வாக்கியங்களைத்தான் கொஞ்சம் நாகரிகமான பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

முதலில் வழக்கு. 2011 மே மாதம் சுருளி அருவிக்குப் போன ஓர் இளம் ஜோடி திரும்பி வரவில்லை. சில நாட்கள் கழித்து உடல்கள் கிடைத்தன. பெண்ணுக்கு நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை. ஒருவர் கைதானார். 2018 மார்ச்சில் தேனி செஷன்ஸ் நீதிமன்றம் அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 2019 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் விக்ரம் நாத், சஞ்சய் கரோல், சந்தீப் மேத்தா அடங்கிய அமர்வு அவரை முழுமையாக விடுதலை செய்தது. நேரில் பார்த்த சாட்சி கிடையாது. 'கடைசியாக அங்கே பார்த்தேன்' என்ற வகைச் சாட்சியம் நிற்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அசைக்க முடியாத சான்று என்று நம்பப்பட்ட டி.என்.ஏ. மாதிரிகள் எடுத்த இடத்திலிருந்து பரிசோதனைக் கூடம் போய்ச் சேரும்வரை யார் கையில், எந்த நிலையில் இருந்தன என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. அதனால் நாடு முழுவதுக்குமாக உச்ச நீதிமன்றம் விதிமுறைகளே வகுத்துக் கொடுத்தது. 48 மணி நேரத்துக்குள் மாதிரி ஆய்வகம் போயாக வேண்டும், கை மாறுகிற ஒவ்வொரு கட்டமும் பதிவாக வேண்டும் என்றெல்லாம்.

விடுதலையானவரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. தீர்ப்பில் இருக்கிறது, பேப்பரில் வந்தது, போதும். ஏழு வருடங்களுக்கு மேல் தூக்குக் கைதி என்ற அடைமொழியோடு திரிந்த பெயர், கொஞ்ச நாள் சும்மா இருக்கட்டும்.

அதே தீர்ப்பில் நீதிபதிகள் இன்னொன்றையும் சொன்னார்கள். அமெரிக்கா மாதிரி நாடுகளில், நீண்ட காலம் சிறையில் இருந்து பிறகு குற்றமற்றவர் என்று வெளியே வருகிறவர்களுக்கு இழப்பீடு தரச் சட்டம் இருக்கிறது. இங்கே அதை முடிவு செய்ய வேண்டியது சட்டம் இயற்றும் மன்றங்கள் என்று. இவருக்கு இவ்வளவு கொடுங்கள் என்ற உத்தரவு இல்லை. பெரியவர் சொன்னது சரிதான். விட்டதோடு சரி.

எப்போதுமே நாம் இப்படித்தானா?

சென்னையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் வருகிறவர்கள் விருதுநகரில் பாதை பிரிந்ததும், சிவகாசிக்கு முன்னால் திருத்தங்கல் என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அந்த நேரம் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். சிலப்பதிகாரத்தில் அந்த ஊர் வருகிறது. கோவலன் கொலையுண்டு, மதுரை எரிந்த பிறகு, மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து, "பாண்டியர்கள் அப்படியொன்றும் மோசமானவர்கள் இல்லையம்மா" என்கிற தோரணையில் சில பழைய கதைகளைச் சொல்கிறது. அதில் ஒன்று வார்த்திகன் கதை.

வழிப்போக்கனாக வந்த பராசரன் என்ற பணக்கார அந்தணன் திருத்தங்காலில் தங்குகிறான். ஊர்ச் சிறுவர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். வேதம் சொல்லத் தெரிந்த ஒரு பொடியன் மழலை மாறாத வாயால் பிழையில்லாமல் சொல்லிக்காட்ட, அவன் மகிழ்ந்துபோய் நகைகளைப் பரிசாகத் தந்துவிட்டுப் போகிறான். பையனின் அப்பா வார்த்திகன். ஊர் சும்மா இருக்குமா? "இவனுக்கு ஏது இத்தனை நகை? புதையல் எடுத்து மறைத்திருக்கிறான்" என்று புகார். புதையல் என்றால் அரசனுக்குச் சொந்தம். அதிகாரிகள் வார்த்திகனைப் பிடித்துச் சிறையில் போடுகிறார்கள். அவன் மனைவி கார்த்திகை தெருவில் விழுந்து புரண்டு அழுகிறாள். அன்றைக்குக் கொற்றவை கோயில் கதவு திறக்க மறுக்கிறது.

இதற்கு அப்புறம் பாண்டியன் செய்வதைக் கவனியுங்கள். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவனே விசாரிக்கச் சொல்கிறான். உண்மை தெரிந்ததும் வார்த்திகனை விடுவிக்கிறான். அதோடு நிறுத்தவில்லை. என் ஆட்கள் அறியாமல் செய்த பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். திருத்தங்கால், வயலூர் என்று இரண்டு ஊர்களை அவனுக்குக் கொடுக்கிறான். தரையில் விழுந்து வணங்குகிறான். கோயில் கதவு திறந்துகொள்ள, சத்தம் தெருவெல்லாம் கேட்கிறது. பிறகு சிறைகளைத் திறந்துவிடச் சொல்லி, புதையல் எடுத்தால் எடுத்தவனுக்கே சொந்தம் என்று பறையறைவிக்கிறான். அதாவது அந்தத் தப்புக்குக் காரணமான சட்டத்தையே மாற்றிவிடுகிறான்.

விடுதலை, மன்னிப்பு, நஷ்டஈடு, சட்டத் திருத்தம். நாலு காரியம். கதையோ நிஜமோ, இப்படி நடந்தால்தான் நியாயம் என்று நினைத்த ஒரு சமூகம் இங்கே இருந்திருக்கிறது. இப்போது நம்மிடம் இருப்பது அந்த நாலில் முதலாவது மட்டும். அதுவும் பல வருடம் கழித்து.

'மட்டும்' என்று சொன்னால் சட்டம் தெரிந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சட்டத்தில் இழப்பீடு உண்டு. காரணமே இல்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவர், கைதானவருக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று 1973-ம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. அதிகபட்சம் நூறு ரூபாய். பிறகு ஆயிரம் ரூபாய் ஆக்கினார்கள். 2024 ஜூலையில் பழைய சட்டம் போய், 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' என்று வாயில் நுழையாத பெயரில் புதுச் சட்டம் வந்தது. எத்தனையோ மாறியது. அந்த ஆயிரம் ரூபாய் மாறவில்லை.

இதைத் தவிர்த்து மனித உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போகலாம். இதற்குப் பாதை போட்டவர் பிகாரைச் சேர்ந்த ருதுல் சா. 1968 ஜூன் 3-ல் விடுதலை செய்யப்பட்ட அவர், சிறையை விட்டு வெளியே வந்தது 1982 அக்டோபர் 16-ல். தீர்ப்புக்கும் ஜெயில் கதவுக்கும் நடுவே பதினான்கு வருடம்! 1983-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணமாக 30,000 ரூபாய் தரச் சொன்னது. ஏற்கெனவே பிகார் அரசு கொடுத்தது 5,000. நாள் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 6 ரூபாய் 67 காசு. ஆனாலும் அது பெரிய தீர்ப்பு. அரசாங்கம் ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறித்தால் பணம் கொடுத்தாக வேண்டும் என்று அதற்கு முன்னால் உச்ச நீதிமன்றம் இப்படி உத்தரவு போட்டதில்லை.

சரி, அந்த 'நெருப்பில்லாமல் புகையாது' ஆசாமிக்கு வருவோம். அவரை லேசாக ஒதுக்க முடியாது. ஏனென்றால் படித்தவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். "நிரபராதி என்று கோர்ட் சொல்லவில்லையே, சந்தேகத்தின் பலனைத்தானே கொடுத்திருக்கிறது? சாட்சி பல்டி அடித்ததால் தப்பித்தவனுக்கும், நிஜமாகவே ஒன்றும் செய்யாதவனுக்கும் ஒரே மாதிரி பணம் கொடுப்பதா?"

நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. இங்கிலாந்து இதில் விழுந்தே விட்டது. 2014-ல் அங்கே சட்டத்தைத் திருத்தி, தண்டனை ரத்தானால் மட்டும் போதாது, குற்றம் செய்யவில்லை என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் புதிய ஆதாரம் காட்டினால்தான் இழப்பீடு என்று ஆக்கிவிட்டார்கள். ஒருவன் ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? 2011 மே மாதம் ஒரு சனிக்கிழமை நீங்கள் எங்கே இருந்தீர்கள், யார் சாட்சி என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. நம்மில் யாராலும் முடியாது என்பதால்தான் நிரூபிக்கிற வேலையை அரசாங்கத்தின் தலையில் சட்டம் கட்டியிருக்கிறது. அரசாங்கம் அதில் தோற்றுவிட்டால், தோற்றதற்கான நஷ்டமும் அரசாங்கத்துடையதாக இருப்பதுதானே முறை? விசாரணை முழுக்க நிரபராதி என்று வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்கிற நேரத்தில் மட்டும் 'நீயே நிரூபி' என்றால், அது வட்டிக்கடைக்காரர் கணக்கு.

சந்தேகத்தின் பலன் என்ற சொற்றொடரே எனக்குப் பிடிப்பதில்லை. ஏதோ ரேஷனில் இலவசமாகக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

காந்திநகர் அட்சர்தாம் கோயில் தாக்குதல் 2002 செப்டம்பரில் நடந்தது. அதில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரை உச்ச நீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுதலை செய்தது. நாடே தேர்தல் முடிவை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்த நாள். விசாரணையின் லட்சணத்தைப் பற்றித் தீர்ப்பில் கடுமையாகவே எழுதியிருந்தார்கள். அப்புறம் அவர்களில் சிலர் இழப்பீடு கேட்டுப் போனபோது, 2016-ல் அதே உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. விடுதலையாகிற ஒவ்வொருவருக்கும் இழப்பீடு என்று ஆரம்பித்தால் ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்றது. எனக்கு இது புரியவே இல்லை. கணக்கில் தப்பு அதிகம் என்பதால் திருத்தக் கூடாது என்று எந்த வாத்தியாராவது சொல்வாரா?

எதிர்ப்பக்கம் இன்னொரு உதாரணமும் உண்டு. மகாராஷ்டிராவில் நாடோடி இனத்தைச் சேர்ந்த ஆறு பேர். 2003-ல் நடந்த ஒரு கொடூரமான கொலை, பாலியல் வழக்கில் 2006-ல் அத்தனை பேருக்கும் தூக்கு. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம், குறைத்தது தப்பு என்று ஆறு பேருக்கும் மறுபடி தூக்கு என்றது. பத்து வருடம் கழித்து, 2019 மார்ச் 5 அன்று, அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது. சம்பவத்தில் தப்பிய சாட்சி, போலீஸ் ஆல்பத்தில் வேறு நாலு பேரின் படத்தை ஆரம்பத்திலேயே அடையாளம் காட்டியிருந்தார். அந்த நாலு பேரை யாரும் தேடவே இல்லை. தீர்ப்பில் ஆளுக்கு 5 லட்ச ரூபாய் தரச் சொன்னார்கள்.

சந்தோஷம். ஆனால் நான் மறுபடி கணக்குப் போடுகிறேன், மன்னியுங்கள். பதினாறு வருடம். ஒரு நாளைக்கு எண்பத்தைந்து ரூபாய் சொச்சம். குற்றாலத்தில் ஒரு தடவை எண்ணெய் தேய்த்துவிடுகிற கூலி இதைவிட அதிகம்.

"மனுஷனோட வாழ்க்கைக்கு விலை போட முடியுமா சார்?" என்று கேட்பீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அரசுப் பஸ் மோதி ஒருவர் செத்தால், அவர் வயது என்ன, மாதச் சம்பளம் என்ன, எத்தனை பேர் அவரை நம்பி இருக்கிறார்கள், எந்த எண்ணால் பெருக்க வேண்டும் என்று வாய்ப்பாடே வைத்துக்கொண்டு விபத்துத் தீர்ப்பாயம் தொகை சொல்கிறது. கொடுக்காவிட்டால், கோர்ட் அமீனா பஸ் ஸ்டாண்டுக்கே வந்து பஸ்ஸை ஜப்தி செய்துகொண்டு போகிறார். நம் ஊர்ப் பேப்பரில் வழக்கமாக வருகிற செய்தி. அரசாங்கத்தின் பஸ் இடித்தால் இருக்கிற வாய்ப்பாடு, அரசாங்கத்தின் ஜெயில் இடித்தால் மட்டும் காணாமல் போய்விடுமா?

ஜப்பான்காரர்கள் வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். இவாவோ ஹகமடா என்று ஒரு குத்துச்சண்டை வீரர். 1968-ல் தூக்குத் தண்டனை. 2014-ல் வெளியே விட்டார்கள். மறு விசாரணையில் 2024 செப்டம்பரில் நிரபராதி என்று தீர்ப்பு. அவருக்கு அப்போது 88 வயது. என்றைக்குத் தூக்கு என்று தெரியாமல் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் தூக்குக் கைதியாக இருந்ததில் மனநிலை குலைந்திருந்தது. 2025 மார்ச்சில், அவர் அடைபட்டிருந்த ஒவ்வொரு நாளுக்கும் 12,500 யென் வீதம் சுமார் 21 கோடியே 70 லட்சம் யென் கொடுக்க உத்தரவானது. நம் பணத்தில் நாளொன்றுக்கு ஏழாயிரம் ரூபாய். போதுமா என்றால் போதாது. ஆனால் அவர் யாரிடமும் போய் எவ்வளவு தருவீர்கள் என்று பேரம் பேச வேண்டியிருக்கவில்லை. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் சிறையில் கழித்த வருடத்துக்கு 50,000 டாலர், தூக்குக் கொட்டடி என்றால் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலர் வரை என்று 2004-லிருந்து இருக்கிறது. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் இதிலும் ஒரு விசேஷம் செய்தார்கள். இழப்பீட்டுத் தொகையிலிருந்து, ஜெயிலில் இருந்ததால் மிச்சமான சாப்பாட்டுச் செலவையும் வாடகையையும் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள்! பதினேழு வருடம் செய்யாத குற்றத்துக்காக உள்ளே இருந்த ஆண்ட்ரூ மால்கின்சன் 2023-ல் தண்டனை ரத்தாகிச் சத்தம் போட்ட பிறகுதான் அந்தச் சோத்துக் கணக்கைக் கைவிட்டார்கள்.

நம்மிடம் வாய்ப்பாடு இல்லாததால் என்ன ஆகிறது என்றால், ஆளைப் பார்த்துத் தொகை வருகிறது. நம் நாகர்கோவில்காரர் நம்பி நாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 நவம்பர் 30-ல் இஸ்ரோ உளவு வழக்கில் கைது. ஐம்பது நாள் காவல். வழக்கே பொய் என்று 1996-ல் சி.பி.ஐ. சொன்னது. அவருக்குத் தண்டனை எதுவும் வரவில்லை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2020-ல் கேரள அரசு மேலும் 1 கோடியே 30 லட்சம் கொடுத்தது. அவருக்குக் கொடுத்ததில் ஒரு பைசாகூட அதிகம் என்று சொல்ல மாட்டேன். ராக்கெட் விஞ்ஞானியே இருபத்து நாலு வருடம் கோர்ட் கோர்ட்டாக ஏறி இறங்கினால்தான் இது கிடைக்கும் என்றால், வக்கீல் முகத்தையே இலவச சட்ட உதவியில்தான் பார்த்த ஒரு நாடோடி என்ன செய்வார்?

சட்டம் கொண்டுவரச் சொல்லாமலும் இல்லை. சர்வதேச உடன்படிக்கை ஒன்று தவறான தண்டனைக்கு இழப்பீடு என்று 1966-லேயே சொல்லிவிட்டது. 1979-ல் இந்தியா அதில் சேர்ந்தது. சேரும்போதே, சட்ட விரோதக் கைதுக்காக அரசிடம் இழப்பீடு கேட்கிற உரிமை எங்கள் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்று ஒரு விலக்கும் எழுதிவைத்தது. பந்தியில் உட்காரும்போதே பாயசம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி. 2017-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்டதில், 2018 ஆகஸ்டில் சட்ட ஆணையம் தன் 277-வது அறிக்கையைக் கொடுத்தது. இழப்பீட்டுக்குத் தனி நீதிமன்றம், தொகையோடு மறுவாழ்வு உதவி என்று நல்ல யோசனைகள். ஆனால் போலீஸோ அரசுத் தரப்போ கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டதாகக் காட்ட வேண்டும் என்று ஒரு வாசற்படி வைத்துவிட்டார்கள். சுருளி வழக்கில் மாதிரிகளுக்குக் கணக்கு இல்லாமல் போனது யாருடைய கெட்ட எண்ணம்? அசட்டையாகவும் இருக்கலாம். உள்ளே இருந்தவருக்கு இரண்டும் ஒரே கம்பிதான். என்னைக் கேட்டால், யார் தப்பு என்று தேடுகிற விசாரணை ஒரு பக்கம் நடக்கட்டும். பணம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. போலீஸும் நீதிபதியும் பயந்துபோய் வேலையே செய்ய மாட்டார்கள் என்ற வாதத்துக்கும் இதுதான் பதில். கொடுப்பது கஜானா, எந்த இன்ஸ்பெக்டரின் சம்பளமும் இல்லை.

'நம் வரிப்பணம்' என்றாரே ஒருவர், அவருக்கும் அதுதான். ஆமாம், நம் பணம்தான். அந்த வழக்கை நடத்தியது, அவரை உள்ளே வைத்துக் காவல் காத்தது, தூக்குக் கயிற்றுக்குத் தயாராக வைத்திருந்தது எல்லாம் நம் பணத்தில்தான். தமிழ்நாடு அரசு என்ற பெயரில், அதாவது உங்கள் பெயரிலும் என் பெயரிலும்.

எல்லாம் சொன்ன பிறகும் சுருளியில் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. செத்துப்போன அந்த இரண்டு பிள்ளைகளின் வீடுகள். அந்தப் பெற்றோருக்கு 2011-ல் 'இவன்தான்' என்று ஒருவரைக் காட்டினார்கள். 2018-லும் 2019-லும் 'இவன்தான்' என்று முத்திரை போட்டுச் சொன்னார்கள். 2025-ல் இல்லை என்றார்கள். அப்படியானால் யார் என்று அந்தத் தீர்ப்பில் இல்லை. மேல்முறையீட்டுத் தீர்ப்பில் அது இருக்கவும் முடியாது. பதினாலு வருடத்தில் மழைக்காலம் எத்தனையோ முறை சுருளியைக் கழுவிவிட்டது. ஒழுங்காகப் பாதுகாத்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கக்கூடிய அந்த டி.என்.ஏ. மாதிரிகளை இனிமேல் எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது? சட்டம் எழுத உட்காருகிறவர்கள், இழப்பீடு பெற வேண்டியவர்கள் பட்டியலில் அந்த இரண்டு வீட்டுக் கதவு எண்களையும் சேர்த்து எழுத வேண்டும்.